மடை திறப்பவர் யார்? – வளர்ச்சி ஹார்மோனின் வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி என்பதை வாசகர்கள் அறிவர். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கித்தான் வயல் விளைய வேண்டும். கண்மாய் நிறைந்திருந்தால் மட்டும் போதுமா? மடையைத் திறக்க வேண்டும். திறந்த மடையை உரிய நேரத்தில் அடைக்கவும் வேண்டும். அந்த வேலைக்கென்று நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார். ஊர் சொன்னபடி அவர் திறப்பார், அடைப்பார். வெளியூர்க்காரர் ஒருவர் மடையிலிருந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டு, "இந்த மடைதான் இத்தனை வயல்களுக்கும் தலைவன் போலும்!" என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் பிட்யூட்டரிச் சுரப்பியைப் பற்றி அறிவியல் உலகம் பல்லாண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தது.

பிட்யூட்டரி மூளையின் அடிப்பகுதியில் ஒரு காம்பில் தொங்கும் சிறு சுரப்பி. பட்டாணி அளவுதான் இருக்கும்; எடை ஏறத்தாழ அரை கிராம். நம் பழைய பாடநூல்களில் இதற்குக் 'கபச் சுரப்பி' என்று பெயர். கபத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு தொடர்பும் இல்லை. மூளையில் உண்டாகும் சளி இதன் வழியாகத்தான் மூக்கிற்கு வடிகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் கருதினார். இலத்தீன் மொழியில் சளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பிட்யூட்டரி' பிறந்தது. நம்மவர்கள் அதை அப்படியே மொழிபெயர்த்துக் கபச் சுரப்பி ஆக்கிவிட்டார்கள். தவறான கருத்து மறைந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இச்சுரப்பிக்கும் உடல் வளர்ச்சிக்கும் உள்ள உறவு நோயாளிகள் மூலமாகவே தெரியவந்தது. 1886ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ, கை, கால், தாடை எலும்புகள் தடித்துப் பெருக்கும் ஒரு நோயை விவரித்தார். அத்தகையோரின் பிட்யூட்டரி வீங்கியிருப்பது விரைவிலேயே தெரிந்தது. 1909இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இலண்டனுக்குச் சென்று, அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஒரு மண்டை ஓட்டைத் திறக்கச் செய்தார். அது 1783இல் இறந்த சார்லஸ் பைர்ன் என்னும் அயர்லாந்து நாட்டவருடையது. ஏழரை அடிக்கு மேல் உயரமிருந்ததால் ஊர் ஊராகக் காட்சிப் பொருளாக வாழ்ந்த அந்த இளைஞர், தம் உடலைக் கடலில் புதைக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். ஜான் ஹண்டர் என்னும் உடற்கூற்றியலார் பணம் கொடுத்து அந்த உடலைக் கைப்பற்றினார். மண்டை ஓட்டில் பிட்யூட்டரி அமரும் குழி பெரிதாகியிருந்ததைக் குஷிங் கண்டார். அறிவியலுக்குப் பயன்பட்டது என்பதற்காக, இறந்தவரின் விருப்பத்தை மீறியது நியாயமாகிவிடாது என்றே நான் எண்ணுகிறேன். 2023இல் அந்த அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அந்த எலும்புக்கூடு காட்சியிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது.

1921இல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவான்ஸும் ஜோசப் லாங்கும் மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளுக்குத் தொடர்ந்து ஊசி மூலம் செலுத்தினர். எலிகள் பூதாகரமாக வளர்ந்தன. ஆக, வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருள் அதில் இருக்கிறது! எவான்ஸும் சீனாவில் பிறந்த சோ ஹாவோ லீயும் 1944இல் அப்பொருளை மாட்டிலிருந்து தூய்மையாகப் பிரித்தனர். தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவையும் பிட்யூட்டரியின் சொல்லைக் கேட்டே நடக்கின்றன என்பதும் இதற்கிடையில் தெரிந்தது. அதற்குத் 'தலைமைச் சுரப்பி' என்று முடிசூட்டிவிட்டனர். இன்றும் சில பாடநூல்களில் அந்தப் பட்டத்தைக் காணலாம்.

அந்த முடியைக் கழற்றியவர் ஜெஃப்ரி ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி உண்டு. பசி, தாகம், உறக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் இடம் அது. அதிலிருந்து பிட்யூட்டரியின் முன்பகுதிக்கு நரம்பு இழைகள் செல்வதில்லை. மயிரிழை போன்ற சில இரத்தக் குழாய்கள் மட்டுமே இரண்டையும் இணைக்கின்றன. 1930இல் இவற்றை விவரித்த போப்பாவும் ஃபீல்டிங்கும் இரத்தம் கீழிருந்து மேலே, அதாவது பிட்யூட்டரியிலிருந்து மூளைக்குப் பாய்வதாகக் கருதினர். வாய்க்கால் எதுவென்று சரியாகக் கண்டார்கள். தண்ணீர் ஓடும் திசையைத்தான் மாற்றிச் சொன்னார்கள்.

ஓட்டம் மேலிருந்து கீழே என்பது பிறகு உறுதியாயிற்று. 1952இல் ஹாரிஸும் டோரா ஜேக்கப்சனும் ஓர் எளிய சோதனை செய்தனர். எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு வேறு பிட்யூட்டரியை ஒட்டு வைத்தனர். ஹைப்போதலாமஸின் கீழே வைத்தபோது ஒட்டு உயிர்பெற்று வேலை செய்தது. எலிகளின் இனப்பெருக்கச் செயல்கள் மீண்டன. மூளையின் வேறு பகுதிக்கு அடியில் வைத்தபோதோ, ஒட்டு உயிரோடிருந்தும் வேலை செய்யவில்லை. சுரப்பி அதே சுரப்பிதான். அதற்குச் சொல்வார் இல்லை. மூளை இரத்தத்தின் வழியாக ஏதோ வேதிப்பொருளை அனுப்பியே பிட்யூட்டரியை ஆள்கிறது என்று ஹாரிஸ் வாதிட்டார். ஆனால் அப்பொருள் எது? அதை அளப்பது எப்படி?

அளவுதான் இங்கே பெரும் சிக்கல். ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் வளர்ச்சி ஹார்மோன் சில நானோகிராம் இருக்கும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் நூற்றை வரிசையாக நிறுத்தி, அத்தனை தண்ணீரிலும் ஒரே ஒரு கிராம் சர்க்கரையைக் கரைத்தால் வரும் செறிவு அது! எந்த வேதியியல் தராசும் இதற்கு எட்டாது. இதை அளக்க வழி கண்டவர் மருத்துவர் அல்லர், இயற்பியலார் என்பதை இயற்பியல் நடத்துகிற நான் சற்றுப் பெருமையுடன் சொல்வதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரோசலின் யாலோ நியூயார்க்கில் 1921இல் பிறந்தவர். பெண்களுக்கு இயற்பியலில் இடம் கிடைப்பது அரிதாக இருந்ததால் சுருக்கெழுத்து கற்று, ஒரு பேராசிரியரிடம் செயலாளராக வேலை செய்தார். போர்க்காலத்தில் ஆடவர் பற்றாக்குறை ஏற்பட்டபோது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பொறியியல் கல்லூரி ஆசிரியர் நானூறு பேரில் அவர் ஒருவரே பெண். 1945இல் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், சாலமன் பெர்சன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து கதிரியக்க ஐசோடோப்புகளை வைத்து ஆய்வு செய்தார்.

அவர்கள் முறையை ஒரு பேருந்து உவமையால் விளக்கலாம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் புறப்படும் பேருந்தில் ஐம்பது இருக்கைகள். நிலையத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நேரடியாக எண்ணவும் முடியாது. நாம் நம் ஆட்கள் ஐம்பது பேருக்குச் சிவப்புத் துண்டு போட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுகிறோம். எல்லோரும் முண்டியடித்து ஏறுகிறார்கள். பேருந்து புறப்பட்டதும் உள்ளே சிவப்புத் துண்டுகளை மட்டும் எண்ணுகிறோம். நாற்பத்தைந்து இருந்தால் வெளியாட்கள் சிலரே இருந்தனர். பத்துதான் இருந்தால் நல்ல கூட்டம்! இங்கே இருக்கை என்பது அந்த ஹார்மோனை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். சிவப்புத் துண்டு என்பது கதிரியக்க அயோடின். கூட்டம் என்பது நோயாளியின் இரத்தத்திலுள்ள ஹார்மோன். கதிரியக்கத்தை எண்ணும் கருவி துண்டுகளை எண்ணிச் சொல்லிவிடும். முதலில் இன்சுலினை இவ்வாறு அளந்தனர். உடலில் இன்சுலினுக்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது என்ற அவர்களுடைய அடிப்படைக் கட்டுரையை முதலில் இதழ்கள் திருப்பி அனுப்பின. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் பரிசு உரையில் வெளியிட்டார். பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டதால் அவருக்குப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை. இம்முறைக்கு அவர்கள் காப்புரிமை கோரவுமில்லை.

1963இல் அதே ஆய்வகம் மனித வளர்ச்சி ஹார்மோனை அளந்தது. புதிய செய்திகள் மடை திறந்தாற்போல் வந்தன. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் இந்த ஹார்மோன் சட்டென்று ஏறுகிறது. நாள் முழுதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை, விட்டுவிட்டுச் சுரக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் முதல் பகுதியில் பெரிய அலையாக எழுகிறது என்று 1968இல் கண்டனர். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்!

நம் போன்ற வறண்ட பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து வந்தது. புரதக் குறைவால் வாடி வளர்ச்சி நின்ற குழந்தைகளின் இரத்தத்தை 1960களில் அங்கே சோதித்தனர். வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? மாறாக, அது மிகுந்திருந்தது. காரணம் பின்னர் விளங்கியது. வளர்ச்சி ஹார்மோன் எலும்பை நீட்டும் வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. அது கல்லீரலையும் எலும்பு முனைகளையும் தூண்டி, ஐ.ஜி.எஃப்.-1 என்னும் இரண்டாவது பொருளை உண்டாக்குகிறது; அதுவே எலும்பை வளர்க்கிறது. சாப்பாடு இல்லாத உடலில் கல்லீரல் இந்தக் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. மடையில் தண்ணீர் பாய்கிறது. வயலில் விதை இல்லை. இத்தகைய குழந்தைக்கு ஹார்மோன் ஊசி பயன்படாது. சோறும் பருப்பும் முட்டையும்தான் மருந்து.

இனி மூளை அனுப்பும் கட்டளைக்கு வருவோம். டெக்சாஸில் கிரூலிச், தாரிவால், மெக்கேன் ஆகியோர் 1968இல் ஹைப்போதலாமஸ் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து எலியின் பிட்யூட்டரிமீது சோதித்தபோது, ஒரு பகுதி வளர்ச்சி ஹார்மோனை மிகுவித்தது. இன்னொரு பகுதி குறைத்தது. திறப்பதற்கு ஒன்று, அடைப்பதற்கு ஒன்று! ரோஜர் கியமென் குழுவினர் திறக்கும் பொருளைத் தேடிப் புறப்பட்டனர். இறைச்சிக் கூடங்களிலிருந்து இலட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துண்டுகளைச் சேகரித்து வடித்தவர்கள் அவர்கள். 1973இல் அவர்கள் கையில் சிக்கியதோ அடைக்கும் பொருள். அதற்குச் சொமாட்டோஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். பதினான்கே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி அது.

திறக்கும் பொருள் மேலும் ஒன்பது ஆண்டுகள் போக்குக் காட்டியது. கடைசியில் அது மூளையிலிருந்து கிடைக்கவில்லை; கணையத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓர் இளம்பெண்ணுக்குப் பியர் மரீ விவரித்த அதே நோய். பிட்யூட்டரியில் அறுவை செய்து பார்த்தால் அங்கே கட்டி இல்லை. சுரப்பி மட்டும் பருத்திருந்தது. யாரோ அதை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மைக்கேல் தார்னர் என்னும் மருத்துவர் ஊகித்தார். தேடியபோது கணையத்தில் கட்டி இருந்தது. பிரான்சிலும் அத்தகைய நோயாளி ஒருவர் கிடைத்தார். 1982இல் கியமென் குழுவும், ரிவியே, வேல் ஆகியோரின் குழுவும் இக்கட்டிகளிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் தூண்டியைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. மூளையிலும் அதே பொருள்தான் என்பது பிறகு உறுதியாயிற்று.

இதற்கிடையே சிகிச்சையும் தன் வழியில் நடந்து, பெரிய விபத்து ஒன்றைக் கண்டது. மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனிதருக்கு வேலை செய்யாது. ஆகவே இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்தே அதை எடுக்க வேண்டியிருந்தது. 1958இல் மாரிஸ் ரேபன் என்னும் அமெரிக்கர், பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் வளர்ந்ததை அறிவித்தார். பல நாடுகள் சவங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்தன. 1985இல் இடி விழுந்தது. சிறுவயதில் அந்த ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த இளைஞர்கள் சிலர், மூளை சிதையும் குரூட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோயால் இறந்தனர். நோயுற்ற யாரோ ஒருவரின் சுரப்பி மற்றவற்றுடன் கலந்திருந்தது. அமெரிக்கா அம்மருந்தை உடனே நிறுத்தியது. நல்ல வேளையாக, மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்து 191 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஹார்மோனை உண்டாக்கும் முறை 1979இலேயே வெற்றி பெற்றிருந்தது. அதே 1985ஆம் ஆண்டின் இறுதியில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று போடப்படும் ஊசி முழுவதும் இவ்வகையே. பழைய அச்சத்துக்கு இடமில்லை.

இப்போது நம் பக்கத்துக் கதை. ஆய்வகங்களில் 'குட்டி எலி' என்றொரு பரம்பரை உண்டு. அதன் வளர்ச்சி ஹார்மோன் ஜீனில் பழுதில்லை; ஆனாலும் அது வளராது. 1993இல் காரணம் தெரிந்தது. திறக்கும் கட்டளையைக் கேட்பதற்குப் பிட்யூட்டரி செல்லின்மேல் ஓர் ஏற்பி, அதாவது காது போன்ற அமைப்பு உண்டு. குட்டி எலியில் அந்தக் காது பழுது. மனிதரிலும் இப்படி இருக்குமா? 1996இல் விடை இந்தியாவிலிருந்து கிடைத்தது. மும்பைப் பகுதியைச் சேர்ந்த, உறவுக்குள் மணமுடித்த குடும்பமொன்றில் மிகக் குள்ளமான இருவருக்கு அந்த ஏற்பியின் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டதாக உருவாக வேண்டிய ஏற்பி, 72ஆம் இடத்திலேயே 'நிறுத்து' என்ற ஆணையைப் படித்து அரைகுறையாக நின்றுவிடுகிறது. அடுத்து, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரே வம்சத்தில் பதினெட்டுப் பேரை ஹீராலால் மகேஸ்வரியும் கெர்ஹார்ட் பாமனும் ஆராய்ந்தனர். ஆடவரின் சராசரி உயரம் 130 சென்டிமீட்டர். உடல் அளவொப்பு சரியாக இருந்தது. அறிவில் எக்குறையும் இல்லை. பழுதோ, அதே 72ஆம் இடம்.

மூன்றாவது, ஒரு தமிழ்க் குடும்பம். இலங்கையைச் சேர்ந்த இவர்களைப் பிரான்சில் செர்ஜ் ஆம்செலெம் குழுவினர் ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர். இங்கும் உறவுத் திருமணம்; இங்கும் அதே எழுத்துப் பிழை. அவர்களின் பிட்யூட்டரியின் முன்பகுதி சிறுத்திருந்தது. திறக்கும் கட்டளை சுரப்பியை வேலை வாங்குவதோடு நில்லாமல், அதன் செல்களை வளர்த்தும் வந்திருக்கிறது என்பது இதனால் புலப்பட்டது. ஹாரிஸ் எலியில் ஒட்டு வைத்துக் காட்டிய பாடத்தை இயற்கை இங்கே எழுத்துக்கூட்டிக் காட்டிவிட்டது எனலாம்: சுரப்பி உண்டு, ஹார்மோனின் ஜீன் உண்டு, மூளையின் கட்டளையும் வருகிறது, கேட்க மட்டும் ஆள் இல்லை. மும்பை, சிந்து, இலங்கை ஆகிய மூன்று குடும்பங்களின் ஜீன் சுற்றுப்புறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இப்பிழை எப்போதோ வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2003இல் கருத்துத் தெரிவித்தனர். மொழியும் மதமும் நாடும் வேறான மூன்று குடும்பங்களுக்கு ஒரு பொதுப் பாட்டன்!

இப்பிழையின் ஒரு படியை மட்டும் சுமப்பவர் சாதாரண உயரத்தினரே. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் பழுதாகச் சேர்ந்தால்தான் குறை வெளிப்படும். கணக்குக்காக, நூறு பேரில் ஒருவர் ஒரு பழுதைச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் ஏறத்தாழ 40,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை வரும். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் 3,000க்கு ஒன்று. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் ஏறத்தாழ 1,500க்கு ஒன்று. பெரும்பாலான உறவுத் திருமணங்களில் குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் இக்கணக்கிலேயே இருக்கிறது. வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதும் இருக்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உறவுக்குள் மணமுடித்தவர்கள் ஏறத்தாழ 28 சதவீதம். சொத்து வெளியே போகாது, பெண் கண்ணெதிரே இருப்பாள், வறட்சிக் காலத்தில் தாங்குவதற்கு ஆளுண்டு என்ற எண்ணங்களில் பிறந்த வழக்கம் இது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஏசுவது எளிது. ஏசுவதால் எந்தக் குழந்தையும் வளர்ந்துவிடப் போவதில்லை.

குள்ளமான பிள்ளைகள் எல்லோருக்கும் ஹார்மோன் குறை என்று எண்ணிவிடாதீர்கள். பெற்றோர் குட்டையாக இருப்பது, போதிய உணவின்மை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, தைராய்டு குறைவு ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். பார்க்க வேண்டியது உயரத்தை அன்று, உயரம் கூடும் வேகத்தை. இயற்பியல் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வயதுக்கு மேல் பருவம் எய்தும்வரை பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவிலாவது வளர்வார்கள். நான்குக்கும் குறைந்தால் காட்ட வேண்டும். சுவரில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்துவிடலாம். "அவன் தாத்தாவும் குட்டைதான், பதினெட்டில் வளர்ந்துவிடுவான்" என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்புத் தட்டு பருவத்தின் முடிவில் இறுகிவிடும்; அதன்பின் எந்த ஊசியும் உயரத்தைக் கூட்டாது.

மருத்துவர் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால் ஒரு முறை இரத்தம் எடுத்து அளப்பதில் பொருளில்லை. அதைத் தூண்டும் மருந்து கொடுத்து, அரை மணிக்கொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். குறை உறுதியானால் ஆண்டுக்கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கும். விலையும் மிகுதி. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இச்சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பெற்றோர் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். உள்ளே போனதும் மருத்துவர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, "நீங்கள் இருவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா?" என்பது. நம் ஊர்ப் பெற்றோர் சிலர், ஏதோ குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். 72ஆம் இடத்தில் பிழை இருக்கிறதா என்று தேடுவதா, வேறெங்காவது தேடுவதா என்பதை அவர் முடிவு செய்வது அந்த விடையை வைத்துத்தான்.